கிளைடர் நடக்கவில்லை, பிளாக் மறைகிறது: செல்லுலார் ஆட்டோமேட்டா நிரலில் பிழை தேடும் வழி

கட்டங்கள் நிறைந்த பலகையில், ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களைப் பார்த்து ஒரே விதிப்படி தலைமுறை தலைமுறையாக மாறுவதுதான் செல்லுலார் ஆட்டோமேட்டா. அதை ஓட்டிக் காட்டும் கோலி (Golly) போன்ற ஆயத்த மென்பொருளை வீட்டுக் கணினியில் நிறுவி ஓட்டுபவர்களுக்கும், பைத்தானில் தாமே நிரல் எழுதிப் பார்ப்பவர்களுக்கும் இந்தக் குறிப்புகள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரும் பிளஸ் டூ, பாலிடெக்னிக் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. "சார், கணினி பழசு, அதனால்தான் சரியாக ஓடவில்லை" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். பழைய கணினி மெதுவாக ஓடும், தவறாக ஓடாது. திரையில் தவறான உருவம் வந்தால் விதியையோ விளிம்பையோ நிரலையோதான் பார்க்க வேண்டும்.

அளவுகோலாக ஜான் கான்வேயின் லைஃப் விதியை எடுத்துக்கொள்கிறேன். 1970 அக்டோபரில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பத்தியால் பரவலாகத் தெரியவந்த விதி இது. ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றிலும் 8 அண்டைக் கட்டங்கள். வெற்றுக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக 3 உயிருள்ள கட்டங்கள் இருந்தால் அங்கே புதிதாகப் பிறக்கும். உயிருள்ள கட்டத்துக்கு அத்தகைய அண்டை 2 அல்லது 3 இருந்தால் பிழைக்கும், இல்லையென்றால் இறக்கும். இதைச் சுருக்கி பி3/எஸ்23 என்று எழுதுவார்கள் (பி பிறப்பு, எஸ் பிழைப்பு).

அறிகுறிகளுக்குள் போகும் முன் மூன்று சிறு உருவங்களைத் தனித்தனியாக வரைந்து ஓட்டிப் பாருங்கள். பிளாக் என்பது 2-க்கு 2 சதுரம். அது அசையவே கூடாது. பிளிங்கர் என்பது ஒரே வரிசையில் அடுத்தடுத்து 3 கட்டங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கிடையாகவும் நெடுக்காகவும் மாறி மாறி நிற்க வேண்டும். கிளைடருக்கு 5 கட்டங்கள்: முதல் வரிசையில் நடுக்கட்டம், இரண்டாம் வரிசையில் வலக்கட்டம், மூன்றாம் வரிசையில் மூன்றும். 4 தலைமுறைகளில் அதே வடிவம் ஒரு கட்டம் கீழாகவும் ஒரு கட்டம் வலமாகவும் நகர்ந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கட்டங்களைத் தாறுமாறாகத் தூவிவிட்டு, அந்தக் கொந்தளிப்பில் பிழையைத் தேடுவது வீண் வேலை. அங்கே சரியும் தவறும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பிளாக் ஒரே தலைமுறையில் மறைகிறது. பிளிங்கர் கூட்டல் குறியாகிறது

அண்டைகளை எண்ணும்போது நடுக்கட்டத்தையும் சேர்த்து எண்ணுகிறீர்கள். மேலும் கீழுமாக -1 முதல் 1 வரை, இடமும் வலமுமாக -1 முதல் 1 வரை என இரண்டு சுழல்கள் எழுதினால் 9 கட்டங்கள் வரும். இரண்டு விலகலும் 0 ஆகும் இடத்தைத் தவிர்க்கவில்லை. பிளாக்கில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உண்மையான அண்டை 3. தன்னையும் சேர்த்தால் 4, ஆகவே நான்கும் சாகின்றன. பிளிங்கரில் இரண்டு முனைக் கட்டங்களுக்கும் தலா ஓர் அண்டைதான், செத்திருக்க வேண்டும். தன்னையும் சேர்த்து 2 ஆகிவிடுவதால் பிழைத்துக்கொள்கின்றன. நடுவுக்கு மேலும் கீழும் முறைப்படி இரண்டு பிறக்கின்றன. மொத்தம் 5, கூட்டல் குறி. இந்த இரண்டையும் கண்டால் நிரலைத் திறக்கும் முன்பே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

பிளாக், பிளிங்கர் எதுவாக இருந்தாலும் அடுத்த தலைமுறையில் திரை வெறுமையாகிறது

பார்வைக்கு மேலே சொன்னதைப் போலத் தோன்றும், ஆனால் இங்கே பிளிங்கரும் சாகிறது. பைத்தானில் நம்பை (NumPy) என்ற கணித நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு வரும் நோய் இது. கட்டங்களை உண்மை, பொய் என்ற இருமதிப்பு அணியாக வைத்துக்கொண்டு எட்டுத் திசை அணிகளையும் கூட்டல் குறியால் கூட்டினால், நம்பை அதை எண்களின் கூட்டலாக எடுத்துக்கொள்வதில்லை. "ஏதேனும் ஒன்று உண்மையா" என்று மட்டும் பார்க்கிறது. எட்டு அண்டை இருந்தாலும் விடை 1-ஐத் தாண்டாது. 1 அண்டையோடு யாரும் பிழைக்க முடியாது, பிறக்கவும் முடியாது. கூட்டும் முன் அணியை முழு எண்ணாக மாற்றிவிடுங்கள்.

அப்படி மாற்றும்போது குறியில்லா 8 பிட் முழு எண் லைஃப் விதிக்குப் போதும். அண்டையின் எல்லை அகன்ற விதிகளுக்குப் போதாது. நடுக்கட்டத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் 7 கட்டம் என்றால் சதுரத்தில் 225 கட்டங்கள், பிழைத்தீர்கள். 8 என்றால் 289. 255-ஐத் தாண்டியதும் எண்ணிக்கை 0-க்குத் திரும்பி, அடர்த்தியான இடங்களில் மட்டும் காரணமில்லாத ஓட்டைகள் விழும்.

பிளிங்கர் நான்கு கட்டமாகி வலப்பக்கம் சாய்கிறது

அடிக்கடி வரும் பிழை இதுதான், கண்டுபிடிக்க நேரம் பிடிப்பதும் இதுதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எல்லாக் கட்டங்களும் ஒரே நொடியில் மாற வேண்டும் என்பது விதியின் உயிர்நாடி. பழைய தலைமுறையைப் பார்த்துப் புதிய தலைமுறையை வேறொரு பலகையில் எழுத வேண்டும். ஒரே பலகையில் பார்த்துக்கொண்டே எழுதினால், மேல் வரிசையில் இப்போதுதான் பிறந்த கட்டத்தைப் பக்கத்துக் கட்டம் அண்டையாக எண்ணிவிடும். கிடையான பிளிங்கரை மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக அப்படி ஓட்டினால், முதல் தலைமுறையில் மேல் வரிசையில் இரண்டு கட்டங்கள் (நடுவிலும் அதன் வலப்புறமும்) வரும். பழைய வரிசையில் நடுக்கட்டம் செத்து இரு முனைகளும் நிற்கும். கீழே ஒன்றும் பிறக்காது. இந்த நான்கு கட்டச் சாய்வைப் பார்த்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

"இல்லை சார், நான் இரண்டு பலகைதான் வைத்திருக்கிறேன்" என்பார்கள். பெயர்கள் இரண்டுதான், பலகை ஒன்றுதான். பைத்தானில் "புதியது = பழையது" என்று எழுதினால் நகல் எடுக்கப்படுவதில்லை, ஒரே பட்டியலுக்கு இரண்டாவது பெயர் வைக்கப்படுகிறது. இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்தபடியாகப் பட்டியலின் நகல் கட்டளையைப் போடுவார்கள். அதுவும் போதாது. அது வெளிப்பட்டியலை மட்டும் நகலெடுக்கும். உள்ளே இருக்கும் வரிசைகள் பழையவையே. வருகைப் பதிவேட்டுக்குப் புது அட்டை போட்டால் உள்ளே இருக்கும் தாள் மாறிவிடுமா? ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக நகலெடுங்கள், அல்லது ஒவ்வொரு தலைமுறைக்கும் வெற்றுப் பலகை ஒன்றைப் புதிதாக உருவாக்கி அதில் எழுதுங்கள். இரண்டாவது வழி கொஞ்சம் நினைவகம் தின்னும், ஆனால் தலைவலி இல்லை. நான் அதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் அந்த நெடுவரிசை முழுவதும் எரிகிறது. வெற்று வரிசை ஒன்றை உருவாக்கி, அதைப் பெருக்கல் குறியால் பல வரிசைகளாக்கியிருப்பீர்கள். அத்தனையும் ஒரே வரிசையின் பிம்பங்கள். வரிசைகளைச் சுழலுக்குள் ஒவ்வொன்றாக உருவாக்கினால் தீர்ந்தது.

சந்தேகம் தீராவிட்டால் சமச்சீர் சோதனை செய்யலாம். மார்கழிக் கோலத்துக்கு வைக்கும் 7-க்கு 7 நேர்ப்புள்ளியை அப்படியே உயிருள்ள கட்டங்களாகப் பலகையின் நடுவே நிரப்புங்கள். முதல் தலைமுறையில் 49 கட்டங்கள் 24 ஆக வேண்டும்: நான்கு மூலைகள் பிழைக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் வெளியே 5 பிறக்கும், உள்ளே இருப்பவை நெரிசலில் செத்துப்போகும். அதற்குப் பிறகு எத்தனை தலைமுறை ஓடினாலும் நான்கு பக்கமும் ஒன்றுபோலவே மாற வேண்டும். விதிக்கு இடம் வலம் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் மாறுகிறது என்றால், தலைமுறையை ஒவ்வொன்றாக நகர்த்தி, சமச்சீர் முதன்முதலில் உடையும் இடத்தைப் பாருங்கள். பலகையின் நடுவே உடைந்தால் மேலே சொன்ன நகல் பிழை. விளிம்பில் உடைந்தால் அடுத்த பகுதி உங்களுக்கு.

விளிம்புக்குப் போன கிளைடர் சதுரமாக நின்றுவிடுகிறது

இது பிழையே இல்லை. பலகைக்கு வெளியே இருப்பதையெல்லாம் வெறுமை என்று வைத்தால், விளிம்பில் மோதும் கிளைடர் நான்கு கட்டப் பிளாக்காக உறைந்துவிடும். கையால் தாளில் போட்டுப் பார்த்தாலும் அதுதான் வரும். நீங்கள் எதிர்பார்த்தது எல்லையில்லாத வெளி என்றால், பலகையைக் கைவிட்டு உயிருள்ள கட்டங்களின் ஆயங்களை மட்டும் ஒரு கணமாக (set) வைத்துக்கொள்ளுங்கள். பலகை அளவு என்ற பேச்சே இருக்காது.

ஒரு பக்கம் போனது மறுபக்கம் வருகிறது என்றால் பலகையின் விளிம்புகள் வளையமாக ஒட்டப்பட்டிருக்கின்றன. நம்பையில் அணியை உருட்டும் கட்டளையைப் பயன்படுத்தினால் கேட்காமலேயே இப்படித்தான் ஆகும். பைத்தான் பட்டியலில் இன்னும் விசித்திரம்: -1 என்ற இடம் கடைசி இடத்தைக் குறிப்பதால் மேலும் இடமும் தானாக ஒட்டிக்கொள்ளும், கீழும் வலமும் ஒட்டாமல் நிரல் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்தியை அடக்க, கடைசி வரிசையையும் கடைசி நெடுவரிசையையும் கணக்கிடாமல் விடுகிறவர்கள் உண்டு. நிரல் ஓடும், விடை பாழ். ஆயத்தைப் பலகை அளவால் வகுத்து மீதியை எடுங்கள், நான்கு பக்கமும் ஒரே நியாயம் கிடைக்கும். அப்போதும் பலகை சதுரமாக இல்லாமல் நீள்சதுரமாக இருந்தால், கோலப்புள்ளிச் சோதனையில் இட வலச் சமச்சீர் நிலைக்கும். ஆனால் உருவம் விளிம்பைச் சுற்றி வந்து தன்னையே தொட்ட பிறகு 90 பாகை சுழற்சிச் சமச்சீர் போய்விடும். அதைப் பிழை என்று எண்ணி நிரலைக் கிழிக்க வேண்டாம்.

மூன்று சோதனையும் சரி, ஆனால் இறுதி விடை நண்பனின் கணினியில் வேறு

ஆர்-பென்டோமினோ என்ற 5 கட்ட உருவம் இதற்கென்றே பிறந்தது போலிருக்கும். முதல் வரிசையில் நடுவும் வலமும், இரண்டாவதில் இடமும் நடுவும், மூன்றாவதில் நடு மட்டும். எல்லையில்லா வெளியில் இது 1103 தலைமுறைகள் கொந்தளித்து அடங்கும். அப்போது மொத்தம் 116 கட்டங்கள். எண்ணிக்கை தவறினால் எது குறைகிறது என்று பட்டியல் போட்டும் பார்க்கலாம்: பிளாக் 8, பீஹைவ் 4, பிளிங்கர் 4, போட், லோஃப், ஷிப் தலா ஒன்று, பறந்துபோன கிளைடர்கள் 6 (பீஹைவ், போட், லோஃப், ஷிப் ஆகியவையும் பிளாக்கைப் போல அசையாத உருவங்கள்). அதாவது 32, 24, 12, 5, 7, 6, 30, கூட்டினால் 116.

116 வரவில்லை என்றால் முதலில் பலகையின் அளவைப் பாருங்கள். 1103 தலைமுறை முடிவதற்குள் முதல் கிளைடர் மூலைவாட்டில் 250 கட்டங்களுக்கு மேல் போய்விடும். மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் 300 கட்டமாவது இடம் இல்லாவிட்டால் அது சுவரில் மோதிப் பிளாக்காகும், அல்லது வளையப் பலகையில் சுற்றி வந்து நடுவில் இருப்பதை இடித்துத் தள்ளும்.

இடம் இருந்தும் விடை மாறினால் விதியைப் பாருங்கள். ஹைலைஃப் என்ற விதி பி36/எஸ்23. பிறப்புக்கு 6 என்ற ஒரே ஓர் எண் கூடுதல். அதிலும் பிளாக் அசையாது, பிளிங்கர் சுழலும், கிளைடர் நடக்கும். மூன்று சோதனையிலும் தேர்ச்சி பெற்றுவிட்டு, ஆறு அண்டை உள்ள வெற்றுக் கட்டம் ஒன்று வந்த இடத்திலிருந்து தன் வழியே போய்விடும்.

எதை வைத்தாலும் வெடித்துத் திரையை நிரப்புகிறது

விதியின் இரண்டு பாதிகளும் இடம் மாறியிருக்கின்றன. பழைய மென்பொருள்களில் பிழைப்பை முதலில் எழுதும் வழக்கம் உண்டு. லைஃப் அங்கே 23/3. எழுத்து இல்லாமல் 3/23 என்று கொடுத்தால், அந்த மென்பொருள்கள் அதை 2 அல்லது 3 அண்டைக்குப் பிறப்பு என்று புரிந்துகொள்ளும். 2-க்குப் பிறப்பு என்றாலே பெரும்பாலான உருவங்கள் நாற்புறமும் பரவும். பி, எஸ் எழுத்துகளோடு எழுதினால் இந்தக் குழப்பமே வராது.

திரை முழுவதும் கறுப்பு, வெள்ளை என்று மாறி மாறிக் கண்ணைப் பறித்தால் பிறப்பில் 0 இருக்கிறது. அண்டையே இல்லாத வெற்று வெளி முழுக்கப் பிறந்து அடுத்த தலைமுறையில் சாகிறது. கோலி இதை உள்ளுக்குள் சமாளித்துக்கொள்ளும். சொந்த நிரலில் அப்படி எதிர்பார்க்க முடியாது.

விதி 30 கேட்டால் முக்கோணம் வரவில்லை, ஒரே சாய்கோடு வருகிறது

ஒற்றை வரிசை ஆட்டோமேட்டாவுக்கு ஸ்டீபன் வுல்ஃப்ரம் கொடுத்த எண் முறையில், 30-ஐ இரும எண்ணாக எழுதினால் 00011110. ஒரு கட்டமும் அதன் இட, வல அண்டைகளும் சேர்ந்து இருக்கக்கூடிய எட்டு நிலைகளுக்கும் உரிய விடைகளே இந்த எட்டு இலக்கங்கள். இடது முனையில் இருப்பது மூன்று கட்டமும் உயிரோடு இருக்கும் நிலைக்கு உரிய விடை. சரமாக மாற்றி 0-ஆம் இடத்திலிருந்து படிக்கும் நிரல் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளும். அப்போது 01111000, அதாவது விதி 120. ஒரே ஒரு கட்டத்திலிருந்து தொடங்கினால் அது வலப்பக்கம் இறங்கும் சாய்கோடு மட்டுமே தரும். முக்கோணம் வருகிறது, ஆனால் ஒழுங்கான பட்டைகள் இடப்பக்கம் இல்லாமல் வலப்பக்கம் இருக்கின்றன என்றால் இட வலம் மாறிப்போய் விதி 86 ஓடுகிறது.

நிரலைச் சோதிக்க விதி 90-ஐப் பயன்படுத்தாதீர்கள். அழகான முக்கோண அடுக்கு வரும், மனம் நிறையும். ஆனால் 01011010 என்பது எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. இட வலமும் சமச்சீர். மேலே சொன்ன இரண்டு பிழைகளையும் அது மூடி மறைத்துவிடும். பாடங்களில் முதல் எடுத்துக்காட்டாக அதையே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கோலியில் பிளிங்கர் அசையாமல் நிற்கிறது

ஒரு படிக்கு எத்தனை தலைமுறை என்ற அளவைப் பாருங்கள். வேகத்தைக் கூட்டும்போது, கோலி கணக்கிடும் முறைகளில் ஒன்றான குவிக்லைஃபில் படி 10, 100 என்றும், இன்னொன்றான ஹாஷ்லைஃபில் 8, 64 என்றும் தாவும். பிளிங்கர் 2 தலைமுறைக்கு ஒருமுறை பழைய நிலைக்கு வருவதால் இரட்டைப்படைத் தாவலில் அது எப்போதும் ஒரே கோலத்தில் தெரியும். 3 தலைமுறைச் சுழற்சி கொண்ட பல்சர் அதே திரையில் அசைந்துகொண்டிருந்தால் ஐயமே வேண்டாம். வேகத்தைக் குறைத்துப் படியை 1 ஆக்குங்கள்.

ஹாஷ்லைஃப் வேகமானது என்றார்கள், எனக்கு நகரவே இல்லை

பில் காஸ்பர் 1984-இல் வெளியிட்ட இந்த முறை, ஏற்கெனவே கணக்கிட்ட துண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு, அதே துண்டு மீண்டும் வரும்போது விடையை எடுத்துப் போடுகிறது. காஸ்பரே 1970-இல் கண்ட, கிளைடர்களை இடைவிடாமல் உமிழும் கிளைடர் கன் போன்ற ஒழுங்கான உருவத்துக்கு இது அபாரம். கோடிக்கணக்கான தலைமுறைகளை நொடிகளில் தாண்டும். தாறுமாறாகத் தூவிய கட்டங்களில் ஒரே துண்டு மீண்டும் வருவது அரிது. நினைவில் வைப்பதே சுமையாகிவிடும். அங்கே குவிக்லைஃப் முறைக்கு மாறுங்கள். 2 ஜிபி, 4 ஜிபி நினைவகம் உள்ள விலையில்லா மடிக்கணினிகளில், விருப்பங்கள் பகுதியில் அதிகபட்ச நினைவகத்தைப் பாதிக்குக் கீழே வையுங்கள். இல்லாவிட்டால் இயங்குதளம் வன்தட்டைத் துணைக்கு அழைக்கும், பிறகு சுட்டியைக்கூட நகர்த்த முடியாது.

ஒட்டிய உருவம் கோணலாக வருகிறது

புள்ளியும் எழுத்துமாக எழுதப்படும் உருவத்தை வேர்டில் தட்டச்சு செய்து சேமித்திருப்பீர்கள். அது மூன்று புள்ளிகளை ஒரே குறியாகச் சுருக்கிவிடும். அந்த வரிசை இரண்டு கட்டம் இடப்பக்கம் நகர்ந்துவிடும். உருவங்களைச் சுருக்கி எழுதும் ஆர்எல்இ (RLE) வடிவில் வேறு தொல்லை. முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றினால், பல நிலை விதிகளில் பெரிய பி என்பது இரண்டாம் நிலையைக் குறிக்கும். நோட்பேட் போன்ற எளிய உரைத்தொகுப்பியைத் தவிர வேறு எதையும் இடையில் விடாதீர்கள்.

பைத்தான் ஸ்கிரிப்ட் மட்டும் ஓடவில்லை

கோலி 4 முதல் பைத்தான் 3 வேண்டும். அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு எழுதிய பைத்தான் 2 ஸ்கிரிப்டுகள் அச்சிடும் வரியிலேயே தடுக்கி விழும். விண்டோஸில் கோலி 64 பிட் என்றால் பைத்தானும் 64 பிட்டாக இருக்க வேண்டும். இதில் மல்லுக்கட்டப் பிடிக்காதவர்கள் லுவா என்ற நிரல்மொழியில் எழுதலாம். அது கோலிக்குள்ளேயே இருக்கிறது.

தொடக்கத்தில் வேகம், சிறிது நேரத்தில் ஆமை

சூடா, நினைவகமா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. உருவத்தை நிறுத்திவிட்டு, மென்பொருளை மூடாமல், கணினியைச் சற்று நேரம் ஆறவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். வேகம் திரும்பினால் சூடு. திரும்பாவிட்டால் நினைவகம், அல்லது உருவமே பெருத்துவிட்டது. தேவனாம்பட்டினம், முதுநகர்ப் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு மின்விசிறியில் தூசியோடு உப்பு ஈரமும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்; கத்திரி வெயிலில் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், மெத்தையின் மேல் வைத்து ஓட்டாதீர்கள். மின் இணைப்பைப் பிடுங்கியதும் வேகம் குறைந்தால் அது மின்சேமிப்பு அமைப்பு. சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சொந்த நிரல் தொடக்கத்திலிருந்தே மெதுவாக இருந்தால் கணக்குப் போடுங்கள். 1000-க்கு 1000 பலகையில் 10 லட்சம் கட்டங்கள், தலைமுறைக்கு 80 லட்சம் அண்டைப் பார்வைகள். பைத்தான் சுழலில் இது நொடிக்குள் முடியாது. நம்பைக்கு மாறுங்கள், ஒவ்வொரு தலைமுறையையும் திரையில் வரைவதையும் நிறுத்துங்கள்.

மின்சாரம் போய் எல்லாம் போய்விட்டது

2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு பல நாட்கள் இருட்டில் இருந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொடக்க உருவத்தைச் சேமித்திருந்தால் இழப்பு நேரம் மட்டும். லைஃப் விதியில் தற்செயலுக்கு இடமில்லை, அதே தொடக்கம் அதே முடிவையே தரும். தாறுமாறாகத் தூவிய உருவத்தை ஓட்டும் முன்பே கோப்பாகச் சேமியுங்கள்; சொந்த நிரல் என்றால் தற்செயல் எண்ணின் விதையைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். நீண்ட ஓட்டங்களை இடையிடையே கோலியின் மேக்ரோசெல் கோப்பு வடிவில் சேமிக்க ஒரு சிறு லுவா ஸ்கிரிப்ட் போதும். ஒழுங்கான பெரிய உருவங்கள் அதில் மிகச் சிறிய கோப்பாக அடங்கும். ஒவ்வொரு முறையும் பழைய கோப்பின் மேலேயே எழுதாமல் இரண்டு பெயர்களில் மாற்றி மாற்றி எழுதச் சொல்லுங்கள். சேமித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் மற்றது முழுசாக இருக்கும்.